கரைவழி

முதலில் பணத்தை எண்ணினோம்.
சீட்டுப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்றாள் பிளாசம்மா,
கைவைத்துவிட்டு.
ஆறு பெண்கள், ஒரு பாய்,
நடுவில் போன் சார்ஜரும் அவித்த மரச்சீனியும்.

கொச்சியில் இறுதிப் போட்டி. ஞாயிறு, இரவு ஏழரை.
சின்னத்துறையில் விடியுமுன் ஆட்டோ,
குழித்துறையில் ரயில்.
ரெண்டு ஆட்டோ எதற்கு, ஒன்றே போதும்,
பெனால்டி கேட்பவளைப் போலக் கையைத் தூக்கினாள் லிஸ்பெத்.
ஞாயிறு பூசை?
சனி சாயங்காலப் பூசையே கணக்கில் வரும் என்று
அச்சனிடம் கேட்டு வந்திருந்தாள் ரெஜினி.
தனக்கும் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டாராம் அச்சன்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன்
அந்த டீமில் ரெண்டாவது கோலி.
முதல் கோலிக்குக் கால் பிசகினால் இறங்குவான்.
பிசக வேண்டும் என்று ஜெபிக்க முடியாது.
அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான்
இவ்வளவு செலவு.

பந்து எங்களுக்குப் புதிதில்லை.
எங்கள் கடற்கரை மைதானத்துக்கு மூன்று மூலை.
நாலாவதைப் போன ஆனியில் கடல் கொண்டுபோனது.
அந்தப் பக்கம் கார்னர் கிடைத்தால்
முட்டளவு தண்ணீரில் நின்று அடிக்கிறார்கள் பையன்கள்.
அலை பின்வாங்கும்வரை
விசிலை வாயிலேயே வைத்திருக்கிறார் நடுவர்.
கிளப் நோட்டில் அதையும் விதி என்று எழுதியாயிற்று.

கொச்சியில் எங்கே இறங்க, எங்கே குளிக்க,
ஸ்டேடியத்துக்கு எந்த வழி?
கொச்சி தெரிந்த ஆண்
எல்லா வீட்டிலும் ஒருவன் உண்டு.
என் வீட்டில் ஸ்டெல்லஸ்.
பதினெட்டு வருஷமாகத் தோப்பும்படியில் சுறா இறக்குகிறவன்.
போட்டில் சாட்டலைட் போன்,
நிமிஷத்துக்கு நிமிஷம் காசு.
சுருக்கமாகக் கேட்டேன்:
ஸ்டேடியத்துக்கு எப்பிடிப் போவணும்?

காற்று.
பிறகு அவன் குரல்:
"உள்ளே கேறும்போ பச்சை வெளக்கு வலத்தோட்டு வரும்,
சீனவலையும் அந்தப் பக்கந்தான்.
பெறகு ஹார்பர். ஐஸ் கம்பெனி. ஒரு சாயாக்கடை."
அங்கேருந்து?
"அங்கேருந்து வேன்ல கேறி ஒறங்கிருவோம்.
கண்ணு முழிச்சா சின்னத்துறை."

லைன் போய்விட்டது.
பாயில் யாரும் சிரிக்கவில்லை,
ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆணை
நினைத்துக்கொண்டாள்போல.
கோட்டுக்கு வெளியே போன பந்தை
எடுத்து எடுத்து உள்ளே போட்டுவிட்டு
ஒருநாளும் புல்லை மிதிக்காத பையன் ஒருவன்
எல்லா மைதானத்திலும் நிற்பான்.
அவனுக்கு இப்போது நாற்பத்தொன்று வயசு.

போட்டிக்கு ஏழு டிக்கெட்.
ரயிலில் போக ஆறு, வர ஏழு.
கணக்குத் தப்பு என்றாள் லிஸ்பெத்.
பிளாசம்மாதான் என் முகத்தைப் பார்த்தாள்:
"ஏட்டி, போட்டு எங்க கெடக்கு?"
லட்சத்தீவுக்கும் மேற்கே.
எத்தனை மீன் விழுந்தது,
ஐஸ் எவ்வளவு கரைந்தது,
அதைப் பொறுத்துத் திரும்புவார்கள்.
அந்தத் தேதியை எந்த ஆப்பும் சொல்லாது.
வராவிட்டால் பணம் போச்சு, என்றேன்.
போனது போகட்டும், தட்டு, என்றாள்.

பெயர், வயசு, ஆண்.
நள்ளிரவு தாண்டி வருகிற வண்டி,
ஜன்னல் சீட் அவனுக்கு விழுந்தது.
வரும் வழியில் அவனை ஒறங்க விடப்போவதில்லை:
ஆலப்புழை, கொல்லம், வர்க்கலை,
போர்டு போர்டாக வாசித்துக் காட்டவேண்டும்.

பாயைச் சுருட்டும்போதுதான் ரெஜினி கேட்டாள்,
எதிர் டீம் பெயர் என்னவென்று.
ஒருத்திக்கும் தெரியவில்லை.