இருபது எழுத்து, நாலு வரி

எண்பத்து மூன்று, ஐப்பசி.
லிங்கிச் செட்டித் தெருவில் முழங்கால் தண்ணீர்.
சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன்
அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
ஆபீசுக்குள் நுழைந்தான்.
மூடி திறந்ததும்
முதலாளி கோதண்டராமுலு கேட்டது ஒன்றுதான்:
"இது எத்தனை குமாஸ்தா?"

ஒன்றே முக்கால் கிலோ.
நடுத்தர வஞ்சிரம் ஒன்றின் எடை.
பனைமரத்தொட்டிக்காரி நான்,
எனக்கு அப்படித்தான் எடை தெரியும்.
முழுசாக ஒரு தட்டச்சுப் பலகை,
அதற்கு மேலே ஒரு ஜன்னல்:
நாலு வரி, வரிக்கு இருபது எழுத்து.
அதைத் தாண்டி அதற்கு உலகம் கிடையாது.
ஓரத்தில் தீப்பெட்டியளவு கேசட்.
இன்னொரு ஓரத்தில் காகிதச் சுருள்,
பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் அகலம்.
ராத்திரி முழுக்கச் சார்ஜ் குடித்தால்
பகல் முழுக்கக் கரண்டைக் கேட்காது.

பேங்குகளில் கம்ப்யூட்டருக்குத் தனி ஏசி ரூமாம்,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம்.
இது என் சாப்பாட்டுக் கூடையில்,
எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கொருக்குப்பேட்டை கிடங்குக்கு வந்தது.
டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்பதால்
என் மடியில் வைத்தார்கள்.

"இன்னாம்மா பிலோமினா, டேப் ரிக்கார்டா?
ஒரு பாட்டு போடேன்."
யூரியா மூட்டையை இறக்காமலே தனகோட்டி கேட்டான்.
"உங்க கணக்கு" என்றேன்.
சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.
மூட்டை திருட்டைப் பிடிக்க வந்த பெட்டி என்று
அவர்களுக்கும் சேதி போயிருந்தது.

தமிழ் தெரியாது அதற்கு.
பெயர், மூட்டை, கூலி எல்லாம்
இருபது எழுத்துக்குள் அடங்க வேண்டும்.
ஏகாம்பரத்தை நாலு இங்கிலீஷ் எழுத்தாக நறுக்கினேன்.
கன்னியப்பனின் பாதியைக் காற்றில் விட்டேன்.
அறுபத்து மூன்று பேர்.
சாயங்காலம் கொசு பல்லைக் கடிப்பதுபோல்
ஒரு சத்தம். சீட்டு வெளியே வந்தது.

தனகோட்டி: நூற்று முப்பத்தேழு மூட்டை.
மூட்டைக்குப் பதினெட்டு பைசா.
இருபத்து நாலு ரூபாய் அறுபத்தாறு பைசா.

கைக்கு வந்தது இருபத்து மூன்று நாற்பது.

திருட்டைப் பிடித்துவிட்டது பெட்டி.
பேரேட்டில் பத்துக்குக் கீழே மூட்டை கிடையாது.
ஏழாக இருந்தாலும் ஒன்பதாக இருந்தாலும்
அது 'சில்லறை', அது 'விடு'.
எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது.
மருமகன் எழுதிய புரோகிராமுக்கோ
பெருக்கத் தெரியும்,
விடத் தெரியாது.

மறுநாள் சீட்டுக்கு வரிசை நின்றது.
எழுதப் படிக்கத் தெரியாத முனிரத்தினமும்
தன் சீட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
"இதுல நான் எங்க கீறேன்?"
விரல் வைத்துக் காட்டினேன்.
மடித்து பீடிக்கட்டுக்குள் செருகிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டார்.
"மீதிய விடச் சொல்லி அதுக்குக் கத்துக்குடும்மா."
மருமகன் கப்பல் ஏறிவிட்டிருந்தான்.
"அந்த வரி எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

முந்நூற்று நாற்பதாவது வரி.
பெருக்கலுக்கு முன்னால் ஒரு சின்ன மாற்றம்.
ஒரு நிமிஷ வேலை.

பெட்டி பீரோவுக்குள் போனது.
சார்ஜ் இல்லாமல் எத்தனை நாள் உயிரோடிருந்ததோ.
அணையும்போது உள்ளே வைத்திருந்த
அத்தனை பெயரும் அழிந்திருக்கும்,
அதன் சுபாவம் அது.
சீட்டுகள் மட்டும் பீடிக்கட்டிலிருந்தும்
வேட்டி மடிப்பிலிருந்தும் கிளம்பி
லேபர் ஆபீஸ் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.
பதினோரு நாள் மூட்டை நகரவில்லை.
மீதி கிடைத்ததா என்று கேட்டால்,
பாதி.
எனக்கு வேலை போனது, முழுசாக.

கேசட்டை நான் திருப்பித் தரவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
ஒருதரம் தம்பி அதற்கேற்ற குட்டி ரிக்கார்டர் ஒன்றை
பர்மா பஜாரிலிருந்து இரவல் வாங்கி வந்து போட்டான்.
கீச்சென்று ஒரே இரைச்சல்.
பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.
"கெட்டுப்போச்சுக்கா" என்று நிறுத்தப் போனான்.

இரு என்றேன்.
இன்னும் முனிரத்தினம் வரவில்லை.