ஏழாவது கட்டம்

எஸ்போவில் மே மாதம். இரவு பதினொன்று.
வானம் இன்னும் கடையடைக்கவில்லை.
ஆய்வுக்கூடத்தில் ஹில்ப்பா ரைஸ்கி
குறைபாட்டுப் படிவத்தின் முன்னால்.
ஆறு கட்டம் நிரம்பிவிட்டது.
ஏழாவது: காரணம்.

பதினோரு வாரம் உலை ஏமாற்றியது.
பன்னிரண்டாவதில்
உள்ளங்கை அகலத்துக்குக் கிழியாமல் வந்தது தாள்.
நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம்,
மூன்றே அணு கனம்.
இதற்கு மேல் இளைத்தால் அது பொருள் இல்லை,
வெறும் பேச்சு.

எட்டு அணு கூடினால் கதிரெழு துகள்,
எட்டுத் துகள் கூடினால் பஞ்சுத் துகள்,
எட்டுப் பஞ்சுக்கு ஒரு மயிர்நுனி
என்று நான் எழுதும் மொழியில் ஒருகாலம் எண்ணினார்கள்.
கணக்கு தப்பு. ஆனாலும்
அணுவிலிருந்து மயிருக்கு மூன்றே படி என்ற
அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.
ஹில்ப்பாவின் தாளை
ஒன்றன்மேல் ஒன்றாக லட்சம் அடுக்கினால்தான்
அவளுடைய இமைமயிர் ஒன்றின் பருமன் வரும்.

இமையைச் சொன்னது காரணத்தோடுதான்.
தூய்மை அறைக்குள் போகிறவர்களுக்கு
தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு இரண்டு உறை.
பவுடர் கூடாது. புகை பிடித்தவர் அரைமணி நேரம் வெளியே.
கண் மட்டும் திறந்திருக்கலாம்,
வேலை செய்ய வேண்டுமே.

கம்பி பொறித்த சிலிக்கான் வட்டின் மேல்
தாளை இறக்கினார்கள். நாலாயிரம் ஸ்விட்சுகள்.
மறுநாள் நுண்ணோக்கியில்
பதினேழாம் வரிசையில் ஒரு குன்று.
தாளுக்கு மேலே இல்லை,
அடியில்.
மூன்று அணுப் போர்வை எதைத்தான் மறைக்கும்?
உருண்டையாய், மூன்று வாசல் வைத்து,
பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒன்று.

தார்மோ எல்லோரையும் கூப்பிட்டார்.
"நேற்று மதியம் யார் எங்கே?"
பிர்க்கா கான்டீனில், சால்மன் சூப்போடு.
ரவ்னி தொலைபேசியில், வீட்டுக் கடன் விஷயமாக.
"என் மேசையில்" என்றாள் ஹில்ப்பா.

அக்டோபரில் தொடங்கி
இருட்டில் உள்ளே போய் இருட்டில் வெளியே வந்தவள்.
ஐந்து மாதம் அவள் முகத்தில் பட்ட வெளிச்சமெல்லாம்
மின்கட்டணத்தில் வந்தது.
இருபது நிமிடம்தான். வளைகுடாக் கரையில்,
புல் இன்னும் ஈரம்,
கோட்டை விரித்து மல்லாந்து படுத்தாள்.
மேலே மரம் மஞ்சளாய் உதறிக்கொண்டிருந்தது.
யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.
சொல்ல அதில் என்ன இருக்கிறது?

வட்டைத் தூக்கிப் போடும் முன்
ரவ்னி ஒரு பேச்சுக்கு அளந்து பார்த்தாள்.
குன்று மேல் இருந்தவை செத்திருந்தன.
அடிவாரத்தில், தாள் விறைத்து இழுபட்ட இடத்தில்,
நாலே நாலு ஸ்விட்சுகளில்
பக்கத்து வரிசையைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம்.
ஊசியை மாற்றினாள். அதே.
பிர்க்கா வந்து அளந்தான். அதே.
இழுத்துப் பிடித்தால் எலக்ட்ரான்கள் இலகுவாய் ஓடும்
என்று எல்லோருக்கும் தெரியும்.
கிழியாமல் இவ்வளவு இழுபடும் என்றுதான்
யாருக்கும் தெரியாது.

இப்போது தார்மோவுக்குக் கோபம் இல்லை.
அதைவிட மோசம், ஆசை.
"அது எப்படி உள்ளே வந்தது? தெரிந்தால் போதும்,
மறுபடி செய்யலாம்."
ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.
குற்றவாளியைத் தேடிய அதே கண்கள்,
இம்முறை நன்கொடை கேட்பவர் மாதிரி.

இரவு பதினொன்றரை.
'தெரியவில்லை' என்று தட்டினாள். அழித்தாள்.
'காற்று வடிகட்டி' என்று தட்டினாள்.
வடிகட்டி பாவம், அதன் மேல் ஒரு தவறும் இல்லை.
அழித்தாள்.

பிறகு, சோதனைக் குறிப்பேட்டில் எழுதுவது போலவே:
மே 19. 12.40 முதல் 13.00 வரை.
படகுத்துறையிலிருந்து மூன்றாவது மரம்.
மல்லாந்த நிலை. கண் திறந்து.
பிறகு முகம் கழுவவில்லை.
கடைசி வரியை மட்டும் இருமுறை படித்தாள்,
ஏதோ வேறொருத்தி எழுதியது போல.

எட்டாவது கட்டம் கேட்டது:
மீண்டும் நிகழ வாய்ப்பு உண்டா?
ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
இலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று
கொஞ்ச நேரம்.