கழுத்துப்பட்டி

தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.
நாய்க்குட்டி என்ற சொல்
எங்கள் சபையின் கடிதத்தாளில்
அதுவரை விழுந்ததில்லை.
குளக்கட்டு, மதகு, சந்தைக் குத்தகை,
மயானத்துக்கு வேலி.
இப்போது இது.

ஏழுக்கு ஐந்து.
யூலை முதலாம் திகதி தொடக்கம்
கடையில் கூடுவைத்து
நாய்க்குட்டி, பூனைக்குட்டி விற்றல் ஆகாது.
வளர்ப்பு மீனுக்கு விலக்கு.
லவ் பேர்ட்ஸ் அடுத்த அமர்வுக்கு.

எதிர்த்துக் கையுயர்த்திய செபமாலை எழும்பினார்:
"முள்ளுக்கம்பிக்குள்ள மனிசர் கிடக்கேக்க
எந்தச் சபை தீர்மானம் போட்டது?"

மின்விசிறி ஒரு சுற்று தயங்கிச் சுற்றியது.
பிரேரணை கொண்டுவந்த சிவயோகம் அக்கா
அதே கம்பிக்குள் பத்து மாதம் இருந்தவ.
இருந்த இடத்திலிருந்தே சொன்னா:
"அதாலதான்."

கூட்டறிக்கையில் இதை எழுதுவதா விடுவதா?
எழுதினேன்.
தவிசாளர் சிவப்பு மையால் வெட்டினார்.

சோளகம் வீசிய மத்தியானம்
பசை வாளியோடு மல்லாவிச் சந்திக்குப் போனேன்.
சுகிர்தனின் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
பனிநாட்டு மயிரோடு ஒரு குட்டி
நாக்கைத் தொங்கவிட்டு
மேசை விசிறி திரும்பும் பக்கமெல்லாம் திரும்பியது.
"லீசிங்காரன்ர வாசலிலயும்
இப்பிடி ஒண்டு ஒட்டுவியளோ, அக்கா?"
கேட்டபடியே
காற்றில் அடித்த மூலையைப்
பெருவிரலால் அழுத்திப் பிடித்துத் தந்தான்.
அந்த விரல் அடையாளம்
பசையோடு காய்ந்து இன்னும் அங்கே கிடக்கிறது.

மூன்றாம் கிழமை முறைப்பாடு.
சுகாதாரப் பரிசோதகரோடு மறுபடி போனேன்.
குட்டி இலவசம்.
கழுத்துப்பட்டி பதினெட்டாயிரம்.

பரிசோதகர் பட்டியைப் புரட்டிப் பார்த்தார்.
சிவப்பு றெக்சின், தகரக் கொளுவி, ஒரு மணி.
"பொன் எங்க வைச்சிருக்கிறீர், தம்பி?"
சுகிர்தன் சிரிக்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தை நீட்டினான்: எல்லாம் ஒழுங்கு.

'விற்றல்' எனப்படுவது...
'கூடு' எனப்படுவது...
வரைவிலக்கணம் முழுக்க நான் அடித்தது.
பட்டி அதில் இல்லை.

வெளியே வந்தோம்.
பஸ் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டியடியில்
ஒரு சீமெந்துப் பை அசைந்தது.
நாலு. கண் திறக்காதவை.
பரிசோதகர் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார்.
பெட்டை. பெட்டை. பெட்டை.
நாலாவதைப் பார்க்காமலே வைத்தார்.

இதற்கு ஒரு பிரிவும் இல்லை.
கடையில்லை, கூடில்லை, காசில்லை,
ஆகவே குற்றமுமில்லை.
இரவோடிரவாய் கொண்டுவந்து வைத்தவர்
நாளைக்கு எங்கள் கருமபீடத்தில்
ஆதனவரி கட்டவும் வரலாம்.

சுகிர்தன் கடையைப் பூட்டாமல் வந்து நின்றான்.
கையில் அந்தச் சிவப்புப் பட்டி.
ஒன்றைத் தூக்கி, கடைசி ஓட்டையில் கொளுவிப் பார்த்தான்.
கழன்று மடியில் விழுந்தது.
கழுத்து அவ்வளவு சிறிசு.
மணி ஒருதரம் கிணுங்கியது.
அவன் பட்டியைப் பொக்கற்றுக்குள் வைத்தான்,
விலை எழுதின பக்கம் உள்ளே.

மாங்குளம் பஸ்ஸில்
பையை மடியில் வைத்திருந்தேன்.
"என்ன அக்கா, விக்கிறதுக்கோ?"
"இல்லை."
கொண்டக்டர் ஒரு ரிக்கற் கிழித்தான்.
பிறகு குனிந்து
பைக்குள் விரலால் எண்ணினான்,
ஒன்றும் சொல்லாமல்
மிச்சக் காசைத் தந்தான்.