ஸ்டெப்னி

மிச்சிகனில் அக்டோபர். பந்தயத் தடத்தின் ஓரம்
நான்கு சக்கரத்துக்கும் நான்கு தராசுப் பலகை.
ஓடெல் ப்ரூவிட்டின் சேலஞ்சர் ஏறியதும்
எண்கள் மூச்சுவாங்கி நின்றன:
நாலாயிரத்து இருநூற்று முப்பது பவுண்டு.
"காரா அது, சோபா செட்டா?" என்றான் லானி வெர்ஹூல்ஸ்ட்.

தன் மஸ்டாங்கில் அவன்
பின்னிருக்கையைக் கழற்றியிருந்தான், ரேடியோவை,
ஜாக்கியை, ஸ்டெப்னியை.
மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

நேர்கோட்டில் சேலஞ்சர் உறுமி முந்தியது.
வளைவு வந்ததும் அதன் உடம்பு
சொன்ன பேச்சைக் கேட்கவில்லை;
பிரேக் தீய்ந்து நாறியது.
சுற்றுக்கு இரண்டரை நொடி, லானிக்கு.

மாலை. நெடுஞ்சாலையில் ஓர் ஆணி.
ஓடெல் நிறுத்தினான். அவன் ஸ்டெப்னியின் துளைகள்
மஸ்டாங்குக்கு மயிரிழை தள்ளி நின்றன.

சோபா செட்டில் கால் நீட்டி
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னான் லானி.
"உன்னோடு சேர்த்து,"
ஓடெல் கணக்குப் போட்டான்,
"நாலாயிரத்து நானூற்று இருபது."