ஏழு சுவிட்சு

கழிப்பறைக் கதவோரம் ஏழு கறுப்புச் சுவிட்சுகள்.
உள்ளே, தலைக்குமேல், ஏழு பல்புகள்.
அவரவர் வெளிச்சத்தில்தான் அவரவர் உட்கார வேண்டும்;
கை தவறி மாற்றிப் போட்டால் திருட்டு.
லெனின்கிராட் பெயர் மாறியது. இந்தச் சட்டம் மாறவில்லை.

வசிலியேவ்ஸ்கி தீவு, பதினோராவது வரிசை, மூன்றாம் மாடி.
நடை நெடுகப் பீங்கான் உருளைகளைப் பற்றிக்கொண்டு போகிறது
துணி சுற்றிய இரட்டைக் கம்பி, பின்னல்போல் முறுக்கி.
மேலே எத்தனை பூச்சு பெயிண்ட் என்று யாரும் எண்ணவில்லை.
தொட்டால் உதிரும்.
தொடாதவரை ஒன்றுமில்லை.

ஷுரிகின்கள் ஒன்பது பேரும் புது அடுக்ககத்துக்குப் போனார்கள்,
தங்கள் பல்பைக் கழற்றிக்கொண்டு.
ஃபைனா செத்துப்போனாள்;
அவள் சுவிட்சின்மேல் நகப்பூச்சுப் பொட்டு
இன்னும் சிவப்பாக இருக்கிறது.

கென்ரிக் லிவோவிச்சும் நானும் பேசிப் பல காலம்.
எண்பத்தாறில், சமையலறையில், எல்லார் முன்னாலும்
பள்ளிக்கூட நோட்டைத் திறந்து வாசித்தார்:
மாதம் பதினோரு கோபெக்.
"என் மீட்டர் யாருக்கோ ஓடுகிறது, நீனெல் பெத்ரோவ்னா."
யாருக்கோ என்றார், என்னைப் பார்த்து.
தாயின் கல்லறைமேல் சத்தியம் செய்தேன்.
அவர் சூப்புக்குப் பக்கத்தில், தரையில், துப்பவும் செய்தேன்.

திருடவில்லை நான்.
இந்த வீட்டில் எனக்கென்று தாழ்ப்பாள் இருந்த கதவு
அது ஒன்றுதான். நாற்பது வாட்டில்
தடித்தடி நாவல்களை அங்கேதான் முடித்தேன்,
வெளியே தட்டித் தட்டி ஓய்ந்தவர்கள் மன்னிக்கட்டும்.
என் சுவிட்சைத்தான் போட்டேன்.
என் சுவிட்சைத்தான்.

இன்று காலை மின்காரர் ரஃப்கத் வந்தார்.
பியூஸைத் திருகி எடுத்து, அதில் வளைத்துச் செருகிய
செம்புக் கம்பியைக் காட்டினார்:
"வண்டு வைத்திருக்கிறீர்களே."
இங்கே அதற்கு அதுதான் பெயர்.
பிறகு ஸ்டூலில் ஏறி, பல்பின் மரக்கட்டையைத் திறந்து
வெகுநேரம் பேசாமல் பார்த்தார்.
"சுவிட்சைப் போடுங்கள்."
போட்டேன்.
நடையில் ஏழு மீட்டர்கள், கண்ணாடியில் தூசி.
என்னுடையது அசையவில்லை.
கென்ரிக்கின் தகடு, சிவப்பு அடையாளத்தோடு,
மெல்ல ஒரு சுற்று வந்தது.

"பழைய தப்பு. கட்டினவன் மாற்றிக் கட்டியிருக்கிறான். வெட்டிவிடவா?"
இடுக்கியோடு நின்றார்.
நாளைக்கு என்றேன்.

அவர் இப்போது ப்ஸ்கோவில், மகள் வீட்டில்.
அறை பூட்டிக் கிடக்கிறது; கட்டணம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.
போன் எண் சுவரில், பென்சிலில், அவர் கையெழுத்தில்,
எனக்காக எழுதியதல்ல.

"கென்ரிக் லிவோவிச், நான்தான், நீனெல். பதினோராவது வரிசை."
இருமினார்.
"அந்தப் பதினோரு கோபெக் நான்தான்."
ஒன்றும் சொல்லவில்லை. எங்கோ ஒரு ரேடியோவில் வானிலை.
பிறகு, தெளிவாக:
"கொஞ்சம் இருங்கள். நோட்டை எடுத்து வருகிறேன்."

மேசைமேல் ரிசீவர் வைக்கும் சத்தம்.
நாற்காலி இழுபடும் சத்தம். இழுப்பறை ஒன்று, இன்னொன்று.
காத்திருக்கிறேன்.
கழிப்பறை விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன்.