உத்தேசக் கணக்கு

குலசேகரம் அரசமூட்டில்
ரப்பர் ஷீட் கடையில் கணக்கெழுதுகிறேன், முப்பத்தொரு வருஷம்.
கோட்டயம் விலை காலையில் போனில் வரும்.
இரண்டு ரூபாய் குறைத்துக் கரும்பலகையில் எழுதுவேன்.
ஊரில் பாதிக் கல்யாணம் அதைப் பார்த்துத்தான் நிச்சயமாகும்.
என் கணக்கை மட்டும்
போன ஞாயிறு ராத்திரிதான் உட்கார்ந்து போட்டேன்.

இப்போது ஐம்பத்தெட்டு.
அறுபதில் முதலாளி கைகுலுக்கி
ஒரு சுவர்க்கடிகாரம் தருவார்.
பி.எஃப். ஏழு லட்சத்து நாற்பதாயிரம்.
சொசைட்டியில் மூன்று.
திருநந்திக்கரையில் இருபத்திரண்டு சென்ட், நாற்பத்தொரு மரம்.
மரங்களுக்கும் வயதாகிவிட்டது.
அடுத்த வருஷம் கடும்வெட்டுக்குக் கொடுக்க வேண்டும்:
ஏணி வைத்து மேலேயும் கீறி
இருக்கிற பாலையெல்லாம் எடுத்துக்கொண்டு
பிறகு தடிக்கு விற்பார்கள்.
மார்ச் மாத ஆடிட்டில்
எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இருவருக்கு மாதம் பதினெட்டாயிரம் போதும்.
எத்தனை வருஷத்துக்கு என்பதுதான்
எந்தப் பேரேட்டிலும் இல்லாத எண்.
அப்பா எழுபத்தொன்று. அண்ணன் அறுபத்தெட்டு.
நான் பீடி பிடிப்பதில்லை,
அதற்காக அப்பாவின் கணக்கில் ஐந்து கூட்டினேன்.
எழுபத்தாறு என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.
சுகந்தபாய் எனக்கு ஏழு வயது இளையவள்.
அவள் அம்மா தொண்ணூற்றொன்றிலும்
சாளையை முள்ளோடு தின்கிறாள்.
இவளுக்குத் தொண்ணூறு.
கழித்துப் பார்த்தேன்.
இருபத்தொரு வருஷம் அவள் மட்டும்.

ஓராளுக்கு எவ்வளவு?
பலசரக்குப் பற்றில் பாதி. காஸ் பாதி.
கரண்டு பாதியாகாது,
ஒருத்திக்கென்று விளக்கு குறைத்து எரியாது.
சபை வரி அப்படியே. வீட்டு வரி அப்படியே.
சவரச் செலவு இல்லை.
பால் அரை லிட்டர், அதைக் கால் ஆக்கினேன்.
மாதம் பதினோராயிரம்.
விலைவாசி ஏறவே ஏறாது என்று வைத்தால்
மொத்தம் அறுபத்திரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம்.

கை துடைத்துக்கொண்டு வந்தாள்,
கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே படித்தாள்.
எழுபத்தாறில் கொஞ்சம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.
"இந்த இருபத்தொரு வருஷமும் டேங்க் கழுவ யாரு?"
எழுதினேன்: மூன்று மாதத்துக்கு அறுநூறு, மாதம் இருநூறு.
"ஓட்டுல சருகு வாற?"
முந்நூறு.
"ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆளு வேணுமே."
மாதம் ஒரு நாள் கூலி, ஐந்நூறு.
"ராத்திரி கதவு பூட்டியாச்சான்னு
ரெண்டு தடவ எழும்பிப் பாப்பீங்களே."
பேனாவோடு காத்திருந்தேன்.
"அதுக்கு ஒரு பட்டி போதும்."
நாய்த் தீனி, நானூறு.

ஆக நான் மாதம் ஆயிரத்து நானூறு.
இருபத்தொரு வருஷத்துக்குப் பெருக்கினால்
மூன்று லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு.
கிட்டத்தட்ட பி.எஃப்.பில் பாதி.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு பால் வரியில் விரல் வைத்தாள்.
"கால் லிட்டர் பாக்கெட் நம்ம கடைல வராது.
அரைன்னே போடுங்க."
அடித்துவிட்டு அரை என்று எழுதினேன்.
மிச்சக் காலை என்ன செய்வாள் என்று
நான் கேட்கவில்லை.

"சரி, நான் முந்திப் போனா?"
"அதுக்கு வேற பேப்பர்" என்றேன்.
சிரித்துக்கொண்டே படுக்கப் போனாள்.

புதுத் தாள் எடுத்தேன்.
தேதி போட்டேன், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன்.
ஆயிரம் கிலோ ஷீட் உலர
புகைப்புரை எவ்வளவு விறகு தின்னும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
முதல் வரி: அரிசி. ஓராளுக்கு ஒரு நேரத்துக்கு எவ்வளவு?
அடுக்களையில் லைட் போட்டு
அரிசி டின்னைத் திறந்து
உள்ளே கிடந்த டம்ளரை எடுத்துப் பார்த்தேன்.
அதில் அளவுக் கோடு எதுவும் இல்லை.