இருநூறு மில்லிசெகண்ட்

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி.
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், கமிஷன் கடை மாடி.
அறையில் ஏசி இல்லை;
சர்வருக்கு மட்டும் ஒரு டேபிள் ஃபேன்.
கீழே வலையங்குளத்து மல்லி இறங்குகிறது
ஈரச் சாக்கு போர்த்தி, மூட்டை மூட்டையாய்.

கூட்டம் ஏறும்போதெல்லாம்
நாலு கவுன்டரும் ஒன்றாய் உறைந்துபோகின்றன.
எடை போட்டாச்சு, விலை பேசியாச்சு,
பில் மட்டும் வரவில்லை.
"இந்தா சுத்துதுல்ல, வந்துரும்" என்கிறார் வெள்ளைப்பாண்டி
சிலைமான்காரரிடம்.
மொட்டு அதையெல்லாம் கேட்காது.
விரிந்தால் பாதி விலை.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
இந்த டேட்டாபேஸின் பின்கட்டில் ஒருவன் இருக்கிறான்.
நினைவகத்தில் அழுக்கான பக்கங்களை
யாரும் இடம் கேட்டு வருமுன்
டிஸ்க்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை.
இருநூறு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழுகிறான்.
நூறு பக்கம் தூக்குகிறான்.
நூறு ஆனதும் எங்கே நிற்கிறானோ
அங்கேயே படுத்துக்கொள்கிறான்.

சோம்பேறி இல்லை.
நூறுக்கு மேல் தூக்காதே என்று எழுதியிருக்கிறது.
மாற்றியிருக்க வேண்டியவள் நான்,
மூன்று வருஷமாய் இந்தக் கோப்பைத் திறக்கவில்லை.

அழுக்கு என்றால் இங்கே குற்றமில்லை.
நினைவில் ஒன்று டிஸ்க்கில் ஒன்று என்று
இரண்டுபட்டு நிற்பது, அவ்வளவுதான்.
அப்படிப் பார்த்தால்
யார்தான்.

நூறைத் தொட்டு அவன் நின்றது
நாற்பத்தோராயிரம் தடவை.
மிச்சத்தைச் சுமந்தது யார் என்று தேடினால்
பில் போட வந்த கவுன்டர்களே.
பத்துப் பக்கத்தில் ஏழை
அவையே தோளில் போட்டு டிஸ்க்குக்கு நடந்திருக்கின்றன,
சிலைமான்காரர் எதிரில் நிற்க நிற்க.

ஆர்வக்கோளாறில் முதலில்
பத்து மில்லிசெகண்ட், ஆயிரம் பக்கம் என்று வைத்தேன்.
டிஸ்க் விளக்கு அணையவே மறுத்தது.
எழுதி வைத்த பக்கம் மறுபடி அழுக்காக,
அதையே அவன் மறுபடி எழுத,
கீழிருந்து ஆசிர்வாதம் அண்ணாச்சி
என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.
ஒன்றரை மணிக்கு அவர் அப்படிக் கத்தினால்
மார்க்கெட் நாய்கூட எழுந்து உட்காரும்.

பிறகு ஐம்பது. நானூறு.
போன சுற்றில் கேட்ட இடத்தைப் போல்
மூன்று மடங்கு முன்கூட்டியே துடைத்து வை என்று இன்னொரு எண்.
நல்லவேளை, இவற்றுக்கு எதையும் நிறுத்த வேண்டாம்.
கோப்பை மறுபடி வாசி என்றால் வாசித்துக்கொள்ளும்.

மூன்றரைக்கு நிலக்கோட்டை வண்டி வந்தது.
உசிலம்பட்டி வண்டியும் கூடவே.
நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து
நகம் கடித்தபடி
ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பில் வந்தது. பில் வந்தது. பில்.
நூறுக்கு நின்ற கணக்கு
ஒரு மணி நேரத்தில் இரண்டே இரண்டு ஏறியிருந்தது.

ஆறு மணிக்கு வெள்ளைப்பாண்டி மாடியேறி வந்தார்.
சட்டைப்பையில் பேனா, விரலிடுக்கில் வாழைநார்.
"என்னக்கா பண்ணுனீங்க?
அது நிக்கிற கேப்புலதான் நான் எந்திரிச்சுப் போயி
ஒரு டீயக் குடிச்சுட்டு வருவேன்.
இன்னைக்கு ஒண்ணுக்குக்கூட போக விடல."
கோபமாய்ச் சொல்லவில்லை.
முதுகை வளைத்து ஒரு சொடக்கு எடுத்துவிட்டு
இறங்கிப் போனார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.
"டீய சீட்டுக்கே கொண்டாரச் சொல்லிட்டாப் போச்சு" என்றார்.
அது வேறு.

இடைவெளிக்கு ஒரு எண் இருக்கிறது அந்தக் கோப்பில்,
பாரத்துக்கு ஒன்று, மடங்குக்கு ஒன்று.
ஏன் மாற்றினோம் என்று குறித்து வைக்கும் இடத்தில்
ஹாஷ் போட்டு ஒரு வரி சேர்த்தேன்:
நாலாம் கவுன்டர், மூன்றே முக்கால், டீ.

ஹாஷ் போட்ட வரியை
சர்வர் வாசிக்காது.